கிரேஸ் முடிய ஆறு நாள்

3 ஜூன் 2025, செவ்வாய்

காலையில் ஒஃபிஸ் லிஸ்டைத் திறந்தால் என் பெயருக்கு நேரே, நான் விற்ற இரண்டு காப்புறுதிப் பொலிசி சிவப்பில் கிடக்கிறது. ஜூன் 1 தவணை வரவில்லை; பிந்திக் கட்டத் தருகிற கிரேஸ் நாட்கள் ஓடுகின்றன. ஒன்று வெள்ளவத்தை டீச்சருடையது. மகனுடைய கம்பனி பெற்றோரையும் சேர்த்துக் குழுக் காப்புறுதி கொடுத்துவிட்டதாம். மகன் வேலை மாறினால் அதுவும் போய்விடும் என்று மட்டும் சொன்னேன். "அவன் ஏன் மாறப்போறான்?" என்றார். சரி.

மற்றது கொட்டாஞ்சேனைப் பலசரக்குக் கடை அண்ணை. அவர் போவார் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

5 ஜூன், வியாழன்

கடைக்குப் போனேன். கண்டதும் கல்குலேட்டரைத் தள்ளிவைத்துவிட்டு, "வாங்கோ பிள்ளை, பிளேன்ரீ குடிக்கிறீங்களோ?" என்றார். அப்போதே விளங்கிவிட்டது. தவணை தரப்போகிறவர் இவ்வளவு உபசரிக்கமாட்டார். மேசைக் கண்ணாடிக்குக் கீழே என் விசிட்டிங் கார்ட் இருந்தது, பாதியை மறைத்தபடி இன்னொரு கார்ட்.

வேறு கம்பனியின் புது பிளான் தாளைக் காட்டினார். அதே 10 லட்சம், மாதம் 1,800 ரூபாய் குறைவு. எப்படிக் குறைந்தது என்று பார்த்தால், அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: அறை வாடகைக்கு நாளொன்றுக்கு இவ்வளவுதான். எங்களுடையதில் அந்த வரி இல்லை. கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்து எழும்பினவர்களுக்கு அதன் கனம் தெரியும்.

அது கூடப் பரவாயில்லை. அண்ணைக்குச் சீனி வருத்தம். 2022இல் விண்ணப்பத்தில் அதை எழுதித்தான் பொலிசி எடுத்தோம். ஏற்கெனவே இருந்த வருத்தத்துக்குக் கிளெய்ம் கிடைக்காத 2 வருடக் காத்திருப்பு போன வருடம்தான் முடிந்தது. புதியதில் அது முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணப்படும்.

"இதிலும் சீனியை எழுதினீங்களோ அண்ணை?"

"அந்தத் தம்பி தேவையில்லை எண்டார்."

பிளேன்ரீ ஆறிப்போயிருந்தது. எழுதாமல் விட்டால் கிளெய்ம் வருகிற அன்றைக்குப் பழைய மருந்துத் துண்டுகளைத் தோண்டி எடுத்து மறுப்பார்கள் என்று சொன்னேன். போட்டிக்காரி பேச்சாகத்தான் அவருக்குக் கேட்டிருக்கும்.

10 ஜூன், பொசன் போயா

லீவு. தெருவில் இலவசச் சாப்பாட்டுத் தன்சல் வரிசை. எனக்கு 2022 ஞாபகம் வந்தது. அரச ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு, ஆட்கள் தாங்களாகவே கோல் எடுத்துப் பொலிசி கேட்ட வருடம். அண்ணையும் அப்படித்தான் வந்தார். அப்போது இன்னொரு கம்பனியிலிருந்து இரண்டு குடும்பங்களை நானும் இழுத்தேன். காத்திருப்புக் காலத்தைச் சொன்னேன்தான். ஆனால் கையெழுத்து வைத்த பிறகா, முதலா? சத்தியமாக ஞாபகமில்லை.

18 ஜூன், புதன்

கிளை மீற்றிங். விற்ற கணக்கை விட, முதல் வருடம் தாண்டி 13ஆம் மாதமும் தவணை கட்டியவர்கள் எத்தனை பேர் என்பதுதான் மனேஜருக்கு முக்கியம். ஆனாலும் "போனவையை விடுங்கோ, புது ஆள் பிடியுங்கோ" என்றார். மூன்று வருடம் இருந்த ஒருவரை விட்டுவிட்டுப் புதிதாக ஒருவரைத் தேட எத்தனை நாள் 100ஆம் நம்பர் பஸ்ஸில் காலி வீதி முழுக்கத் தொங்கவேண்டும் என்று அவருக்கும் தெரியும், மறந்துவிட்டார்.

அப்புறம், ஆஸ்பத்திரிக் காப்பு ஆயுள் பொலிசியோடு ஒட்டியது; ஆயுள் பொலிசி காலாவதியானால் அதுவும் போகும் என்று அண்ணைக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

25 ஜூன், புதன்

இரவு எட்டரைக்கு அண்ணையின் மனைவி எடுத்தா. குரல் தாழ்ந்திருந்தது, பின்னால் குக்கர் விசில்.

"இவருக்குச் சொல்லாதேங்கோ. பழசைக் கட்ட இன்னும் நாள் இருக்கோ?"

"ஜூலை 1 வரைக்கும் கிரேஸ் இருக்கு அக்கா. ஆறு நாள்."

தொகையைக் கேட்டா, சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"எனக்குச் சீட்டு அஞ்சாந்தேதிதான் விழும், பிள்ளை."