ஏற்காட்டில் காப்பி வேலை பழக: சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு

வார இறுதி மட்டும் தங்கினால் பழம் பறிக்கத்தான் கற்கலாம். பறித்த பழம் காய்ந்த கொட்டையாக 10, 12 நாள் ஆகும். இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அரபிகா வகைக் காப்பியின் அறுவடை நவம்பரிலிருந்து ஜனவரி வரை. சென்ட்ரலில் இரவு ரயில் ஏறினால் விடியுமுன் சேலம், அங்கிருந்து மலைப் பேருந்து. ஸ்வெட்டர் அவசியம்.

முழுச் சிவப்புப் பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். பச்சைக்காய் பல்பரில் (தோலுரிக்கும் இயந்திரம்) சரியாக உரியாது, கொட்டை நசுங்கும். முதலில் தண்ணீரில் கொட்டி, மிதப்பவற்றை ஒதுக்குங்கள். பறித்த அன்றே தோலை உரித்துவிட வேண்டும்.

உண்மையான பாடம் தொட்டியில்தான். உரித்த கொட்டையின் வழவழப்பு நொதித்துக் கழல 24 முதல் 36 மணி நேரம்; குளிர் கூடினால் இன்னும் இழுக்கும். கடிகாரத்தை நம்பாதீர்கள், கையை நம்புங்கள். ஒரு பிடி எடுத்துக் கழுவித் தேய்த்தால் கூழாங்கல் போல நறநறக்க வேண்டும். வழுக்கினால் பொறுங்கள். தாமதித்தாலோ புளித்து நாறும். அந்த நாற்றம் வறுத்தாலும் போகாது. (மயிலாப்பூர் டிகிரி காப்பியின் சிக்கரியாலும் மறைக்க முடியாது!)

கழுவியதை நான்கைந்து சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, அடிக்கடி கிளறி, இரவில் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். பனியில் நனைந்தால் பூஞ்சணம். ஈரம் 10 சதவீதத்துக்கு இறங்கியதும் சாக்கில் கட்டலாம்.