உச்சிப்புளி மணலை உரித்தெடுத்தோம்

பாடநூலில் மண் அடுக்குகளைக் காட்டும் படத்தின் அடியில் பாறை இருக்கும். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையோர ஊரான உச்சிப்புளிப் பக்கம் நாங்கள் தோண்டும் ஆழத்தில் மணலும் சிப்பித்தூளும் தண்ணீரும்தான். தினமும் மிதித்து நடக்கும் மண்ணைப் பிள்ளைகள் வகுப்பில் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

இதே மாவட்டத்து முதுகுளத்தூரின் கரிசல் மண் என்றால் குழிச்சுவரில் மரப்பெட்டியை அழுத்தி, தூணாகவே வெட்டி எடுத்துவிடலாம். கடற்கரை மணல் பெட்டியில் நிற்காது. அதன் அடுக்குகளைப் பசையால் துணியில் ஒட்டவைத்துத்தான் உரிக்க வேண்டும்.

ஊற்றுநீர் கீழே இறங்கியிருக்கும் சித்திரையில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு ஒரு பனந்தோப்பில் குழி வெட்டினோம். இடுப்பளவோடு நிறுத்திவிட்டோம், மணல் சரிந்தால் ஆளை மூடிவிடும். ஒரு சுவரைச் சற்றுப் பின்சாய்வாகக் கொத்தனார் கரண்டியால் வழித்தோம். துருத்திய பனைவேர்களைக் கத்தரியால் நறுக்க வேண்டும். பிடுங்கினால் அடுக்கு கலைந்துவிடும்.

மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து, செடிக்குத் தெளிக்கும் தெளிப்பானால் முதல் பூச்சு. இந்தக் கட்டத்தில் தூரிகை ஆகாது, மணலை இழுத்துவிடும். அதன்மேல் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை விரித்து, மேல்விளிம்பில் ஆணிகளால் நிறுத்திக் கெட்டிப் பசை பூசினோம். கடற்காற்றின் ஈரத்தில் பசை இறுக நேரமெடுக்கும், அவசரப்படவே கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு துணியோடு பலகையைச் சேர்த்துப் பிடித்து, பின்புறத்து மணலை நீண்ட கத்தியால் மேலிருந்து கீழாக அறுத்து, அப்படியே மல்லாத்தினோம்.

ஒட்டாத மணலை உதறியதும் தெரிந்ததுதான் இந்த வேலையின் முழுப் பயன். பருமணலுக்குள் பசை ஆழமாக இறங்குகிறது, நுண்மணலில் அவ்வளவு இறங்குவதில்லை. அதனால் பருபருவென்ற சிப்பித்தூள் பட்டை புடைத்துக்கொண்டு நிற்கிறது. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே அடுக்குகளைச் சொல்கிறார்கள். மேலே வேரோடிய சாம்பல் மணல், நடுவே வெளிர் மஞ்சள், பிறகு சிப்பி, அடியில் ஈரத்தில் கிடந்த கருஞ்சாம்பல். உரித்த பலகையில் குழிச்சுவரின் இடப்பக்கம் வலப்பக்கமாகத் தெரியும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் பசை படாத மணலைத் தனிச் சீசாவில் எடுத்துவைப்பது அவசியம். நீர்த்த அமிலம் விட்டால் சிப்பி நுரைக்கும், வெறும் மணல் நுரைக்காது. பசை பூசியதில் இந்தச் சோதனை சரிவராது.

அடுத்து கரிசல். வெடித்துக் கிடக்கும் கோடையில் அது பாளமாக உதிரும் என்பதால், மழை ஈரம் மிச்சமிருக்கும் தை மாதத்துக்காகப் பெட்டி செய்துவைத்திருக்கிறோம்.