பிக்கப்பின் பற்றரியை மாற்ற முதல் அளந்து பார்த்தவை

எங்கள் டீசல் பிக்கப்புக்கு வேலை போகத்தோடுதான். அருவி வெட்டு நேரம் நெல் மூட்டையோடு வயலுக்கும் ரோட்டுக்கும் ஓயாமல் ஓடும். அது முடிந்தால் கிழமைக்கணக்கில் வேப்பமரத்துக்குக் கீழே நிற்கும். இந்த முறை அப்படி நின்றதற்குப் பிறகு, சாவியைத் திருப்பினால் ஸ்ரார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றியது. "பற்றரி முடிஞ்சுது, புதுசு போடுங்கோ" என்றார்கள் பார்த்தவர்கள் எல்லாரும். விலை சின்ன விலை இல்லை. எது போனது என்று தெரிந்துகொண்டுதான் வாங்குவது என்று, வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் மல்ரிமீற்றரை எடுத்தேன்.

முதலில் கண்ணுக்குத் தெரிந்தது ரேர்மினல், பற்றரியில் கேபிள் பூட்டும் முனை. பிளஸ் பக்கம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. இந்தப் பூ இருந்தால் நல்ல பற்றரியும் ஸ்ரார்ட்டருக்குக் கரண்டைக் கொடுக்காது. மைனஸ் கேபிளை முதலில் கழற்றினேன். எப்போதும் அதுதான் முதலில். பிளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பானர் வாகனத்தின் பொடியில் (உடம்பில்) முட்டினால் அந்த இடத்திலேயே பொறி பறக்கும். சுடுதண்ணியில் அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்ற, நுரைத்துக்கொண்டு பூ கரைந்தது. மூடிகளுக்குள் அந்தத் தண்ணி போகக் கூடாது, உள்ளே இருக்கும் அசிட்டைக் கெடுத்துவிடும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பூட்டிய பிறகு கிறீஸ் பூசினேன். எஞ்சினுக்கும் பொடிக்கும் போகும் எர்த் வயரின் நுனியையும் சுரண்டி இறுக்கினேன். பலர் மறப்பது இந்த எர்த்தைத்தான்.

ஸ்ரார்ட் கொஞ்சம் நன்றானது. ஆனால் ஒரு இரவு சும்மா விட்டு விடிய அளந்தால் 12.1 வோல்ட். முழுச் சார்ஜில் 12.6க்கு மேல் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். சரி, சார்ஜ் ஏறவில்லையோ என்று எஞ்சினை ஓடவிட்டு அளந்தேன். 14.1. எஞ்சின் ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் அல்ரனேற்றரில் குறை இல்லை.

அடுத்தது தண்ணி. ஒரு நாணயக் குற்றியை வைத்து ஆறு மூடிகளையும் திறந்தால், இரண்டு அறைகளில் ஈயத் தட்டின் மேல்நுனி வெளியே தெரிந்தது. வன்னி வெயிலில் தண்ணி சீக்கிரம் வற்றும். இதற்குக் கிணற்றுத் தண்ணி ஊற்றுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். எங்கள் கேத்தில்களில் எவ்வளவு வெள்ளை படிகிறது என்று தெரியும்தானே, அந்த உப்பெல்லாம் தட்டில் போய் இருக்கும். கடையில் போத்தலில் விற்கும் காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான். அசிட்டும் ஊற்றக் கூடாது, வற்றுவது தண்ணிதான், அசிட் உள்ளேயே இருக்கும். சார்ஜ் போட முதல் தட்டு மூடும் அளவுக்கு விட்டு, சார்ஜ் ஏறி முடிந்த பிறகு மட்டத்தை நிரப்பினேன். முதலே நிரப்பினால் பொங்கி வழியும்.

70 ஆம்பியர் மணிப் பற்றரிக்கு 7 ஆம்பியருக்கு மேல் போகாமல் மெதுவாகச் சார்ஜ் போட்டேன். அந்த நேரம் ஐதரசன் வாயு வரும், பக்கத்தில் பீடியும் நெருப்பும் ஆகாது. பிறகு கராஜ் அண்ணையிடம், அசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஐதரோமீற்றரை இரவல் வாங்கி அறை அறையாகப் பார்த்தேன். விடை அதில்தான் கிடைத்தது. ஐந்து அறைகள் 1.250ஐ ஒட்டி நின்றன, ஒன்று மட்டும் 1.130. "தம்பி, ஒரு அறை விழுந்தா மற்ற அஞ்சும் அதோட இழுபடும், இனி இதை நம்பாதை" என்றார் அண்ணை. ஸ்ரார்ட் அடிக்கும்போதும் அளந்தேன், 9 வோல்ட்டுக்குக் கீழே போனது. 9.6க்குக் கீழே என்றாலே பற்றரி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஏன் இப்படியானது? ஓடாமல் நிற்கும் பற்றரி தன்பாட்டில் சார்ஜை இழக்கும். சார்ஜ் குறைந்து கிடக்கக் கிடக்க, தட்டில் ஈய சல்பேற்று இறுகிப் படிந்துவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. 2022இல் டீசல் இல்லாமல் வாகனங்கள் நின்றபோது நல்ல பற்றரிகள் பல போனதும் இதனால்தான். எங்கள் பிக்கப்பில் இன்னொன்றும் இருந்தது. மைனஸ் கேபிளைக் கழற்றி இடையில் மீற்றரை வைத்துப் பார்த்தால், எல்லாம் அணைத்திருந்தும் கால் ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. பியூஸ் பியூஸாகக் கழற்றிப் போக, பின்னாளில் பூட்டிய ரேடியோ செற்றில் வந்து நின்றது. அதைச் சாவியோடு வேலை செய்யும் லைனுக்கு மாற்றினேன். மாற்றாமல் புதுப் பற்றரி போட்டிருந்தால் அதுவும் இதே வழிக்குப் போயிருக்கும்.

புதியதைக் கிளிநொச்சியில் வாங்கினேன். பழையதைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். கழிக்காவிட்டாலும் கொடுத்துவிட வேண்டும், ஈயமும் அசிட்டும் கிணற்றடியில் ஊறக் கூடாது. மூடி திறக்காத வகையையும் காட்டினார்கள். எனக்குத் தண்ணி ஊற்றும் வகைதான் பிடிக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்கலாம். போர் நேரம், வன்னிக்குள் பற்றரி வரத் தடை இருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள் எங்கள் ஆட்கள். இருந்த ஒரு பற்றரியை எப்படிப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தார்கள் என்று மாமா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான்.

வாங்கும்போது பிளஸ் எந்தப் பக்கம் என்று பழையதோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். ஒரே அளவில் இடமும் வலமும் மாறி வரும், மாறினால் கேபிள் எட்டாது. செய்த திகதியையும் பாருங்கள், கடையில் நெடுநாள் கிடந்ததும் நின்ற வாகனத்தின் பற்றரி போலத்தான்.

பூட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். அடியில் பழைய ரியூப்பை வெட்டி விரித்து, மேலே பிடிக்கும் கம்பியை நன்றாக இறுக்கினேன். எங்கள் கிறவல் ரோட்டுக்கு இது முக்கியம், பற்றரி ஆடினால் உள்ளே தட்டு உதிரும். இப்போது ஸ்ரார்ட் அடிக்கும்போது 10.7, விடிய அளந்தால் 12.7. வாகனம் நிற்கும் காலத்தில் கிழமைக்கு ஒருதரம் முறிகண்டிப் பக்கம் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வருகிறேன். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் எஞ்சினை உறுமவிட்டால், பற்றரியில் பெரிதாகச் சார்ஜ் ஏறாது.