ட்ரோனில் பொருத்தக் கேமரா தேடுகிறீர்களா?

சிறிய ட்ரோனுக்குக் கேமரா வாங்கப் போகிறவர்கள் முதலில் மெகாபிக்சலைத்தான் கேட்கிறார்கள். நான் பார்ப்பது எடை, அடுத்து ஷட்டர். ஏற்றும் ஒவ்வொரு கிராமும் பறக்கும் நேரத்தைத் தின்றுவிடும்.

ஷட்டர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பெரும்பாலான கேமராக்களில் எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரிவரியாகப் பதிவு செய்கிறது. அதற்குள் ட்ரோன் நகர்ந்துவிடுவதால் நேரான சுவர்கூடச் சாய்ந்து தெரியும். லென்ஸுக்குள் இருக்கும் லீஃப் ஷட்டரில் இந்தத் தொல்லை இல்லை. சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, முழுவதும் ஒருசேர ஒளி பெறுகிறது. வரைபடத்துக்காகப் படமெடுப்பவர்களுக்கு இது உயிர்நாடி.

என் தேர்வு லீஃப் ஷட்டர் உள்ள ரிக்கோ ஜிஆர் 3 கேமரா. பேட்டரி, கார்டு உட்பட 257 கிராம்தான், ஆனால் உள்ளே இருப்பது பெரிய ஏபிஎஸ்-சி சென்சார். 100 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்தால் படத்தின் ஒரு புள்ளி (பிக்சல்) தரையில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அகலத்தைக் காட்டும்! ஜூம் கிடையாது, அதிர்வில் ஆடும் பாகம் ஒன்று குறைந்தது என்று மகிழுங்கள். குறித்த இடைவெளியில் தானாகப் படமெடுக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது.

ஷட்டர் 1/1000 நொடியைவிட அதிக நேரம் திறந்திருக்கக் கூடாது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறந்தால் அதற்குள்ளாகவே ட்ரோன் 1 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும்.

கையில் பணம் குறைவென்றால், பழைய கேனான் காம்பாக்ட்டில் அதையும் குறித்த இடைவெளியில் தானாகப் படமெடுக்க வைக்கும் சிஎச்டிகே (CHDK) என்ற இலவச மென்பொருளை ஏற்றிப் பாருங்கள். வாங்குமுன் அந்த மாடலுக்கு அது உண்டா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.