நிறம் பார்த்து ஒயர் சேர்த்தால் போதாது

சைக்கிளில் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) மாட்டுகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் நின்று கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் விஷயத்தில் அந்த எண் அவ்வளவாக உதவாது. ஸ்டிக்கரில் 250 வாட் என்று இருக்கும், கீழேயே 15 ஆம்ப் என்றும் இருக்கும். 36 வோல்ட்டில் 15 ஆம்ப் என்றால் 540 வாட். மேட்டில் பேட்டரியிலிருந்து இழுப்பது அதைத்தான். எனவே பேட்டரியின் பி.எம்.எஸ். (உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) தொடர்ந்து தரும் ஆம்ப், கன்ட்ரோலரின் உச்ச ஆம்பைவிடக் கூடுதலாக இருக்கட்டும். 15 ஆம்புக்கு 20 ஆம்ப் பி.எம்.எஸ். போடுவோம். குறைந்தால் ஏற்றத்தில் பி.எம்.எஸ். தானே அணைந்துவிடும். பழி கன்ட்ரோலர் மேல் விழும்.

வோல்ட்டேஜிலும் ஏமாறலாம். 13 செல் வரிசையுள்ள 48 வோல்ட் லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் 54.6 வோல்ட் நிற்கும். 36 வோல்ட் கன்ட்ரோலரைத் திறந்து பெரிய கபாசிட்டரைப் பாருங்கள். 50 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் இந்தப் பேட்டரி அதற்கு ஆகாது. 63 என்றிருந்தால் கபாசிட்டர் தாங்கும், ஆனால் கட்-ஆஃப் (பேட்டரி இறங்கியதும் கன்ட்ரோலர் நிறுத்தும் வோல்ட்டேஜ்) 31 வோல்ட் அளவில்தான் இருக்கும். அதாவது செல்லுக்கு 2.4 வோல்ட் வரை உறிஞ்சிவிடும். மாறாக, 42 வோல்ட்டில் கட்-ஆஃப் ஆகும் 48 வோல்ட் கன்ட்ரோலரில் 36 வோல்ட் பேட்டரியைச் சேர்த்தால் வண்டி நகரவே நகராது. அந்தப் பேட்டரியின் முழு சார்ஜே 42தான்.

இனி ஒயர். மோட்டாரிலிருந்து வருவதில் தடித்த மூன்றும் பேஸ் (மோட்டார் சுருளுக்குக் கரண்ட் கொண்டுபோவது). மெல்லிய ஐந்தும் ஹால் சென்சார் (மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது): சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், மீதி மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் சிக்னல். சிவப்பும் கறுப்பும் பெரும்பாலும் பொய் சொல்லாது, ஆனாலும் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். மற்ற மூன்று நிறங்களை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் போட்டிருக்கும்.

முதலில் பேஸ் ஒயரை விட்டுவிட்டு ஹால் பிளக்கை மட்டும் மாட்டி கன்ட்ரோலரை ஆன் செய்யுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரிலும், சிவப்பு முனையை ஒவ்வொரு சிக்னலிலுமாக வைத்துச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் 0, 5, 0, 5 என்று மாற வேண்டும். கியர் ஹப் (உள்ளே பல்சக்கரம் உள்ள ஹப் மோட்டார்) என்றால் பின்பக்கமாகச் சுற்றுங்கள். முன்பக்கம் சுற்றினால் உள்ளே கிளட்ச் நழுவி மோட்டார் அசையாது. இது தெரியாமல் நல்ல சென்சாரைச் செத்ததாக முடிவு கட்டி மோட்டாரைப் பிரித்தவர்கள் உண்டு. ஒரு சிக்னல் மட்டும் மாறாமல் நின்றால் அந்த சென்சார் போய்விட்டது. பிரித்த கையோடு மூன்றையும் மாற்றிவிடுவது நல்லது.

சென்சார் சரி என்றால் ஹாலை அப்படியே விட்டுவிட்டு பேஸ் ஒயர்களை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஆறே வழிதான். பேட்டரி பாசிட்டிவில் 5 ஆம்ப் ஃபியூஸும், 10 ஆம்ப் ரேஞ்சில் மீட்டரும் வரிசையாக இருக்கட்டும். சக்கரம் தரையில் படக்கூடாது. த்ராட்டிலைக் கொஞ்சமாக, ஓரிரு நொடி மட்டும் திருகுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பேட்டரியைக் கழற்றுங்கள். ஆறில் ஒன்றுதான் சரி. சில உதறும், சில உறுமும். தவறான இணைப்பு ஒன்று கிட்டத்தட்ட ஒழுங்காகவே சுற்றி நம்மை நம்ப வைக்கும், அதைக் காட்டிக்கொடுப்பது மீட்டர்தான். சரியான இணைப்பில் சும்மா சுற்றும்போது 1 ஆம்ப் அளவில் நிற்கும், தவறானதில் 3, 4 என்று ஏறும். அப்படியே ரோட்டில் இறக்கினால் மாஸ்ஃபெட் (கன்ட்ரோலருக்குள் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வெடிக்கும்.

சரியானது ரிவர்ஸில் சுற்றினால் ஹால் சிக்னலில் ஏதாவது இரண்டை இடம் மாற்றி, மறுபடி ஆறையும் பாருங்கள். இம்முறை முன்பக்கம் கிடைக்கும். கியர் ஹப்பில் ரிவர்ஸ் என்றால் உள்ளே சத்தம் வரும், சக்கரம் சுற்றாது. பல கன்ட்ரோலர்களில் இந்த வேலையைச் செய்ய இரண்டு வெள்ளை ஒயர் இருக்கும். இரண்டையும் சேர்த்து ஆன் செய்தால் தானே கற்றுக்கொண்டு சுற்றும், திசை தவறினால் எடுத்து மறுபடி சேர்க்க வேண்டும். முடிந்ததும் பிரித்து டேப் சுற்றிவிடுங்கள்.

பேட்டரி கழற்றிய பிறகும் சக்கரம் கையில் கட்டிக் கட்டிச் சுற்றுகிறதா? பேஸ் பிளக்கைப் பிடுங்குங்கள். லேசாகிவிட்டால் கன்ட்ரோலரில் மாஸ்ஃபெட் ஷார்ட். அப்போதும் இறுக்கம் இருந்தால் ஆக்சில் துளையில் ஒயர் முறுக்கி ஒட்டியிருக்கிறது. டார்க் ஆர்ம் (ஆக்சில் சுழலாமல் பிடிக்கும் தகடு) இல்லாமல் ஓட்டிய வண்டிகளில் ஆக்சில் ஃபோர்க்குக்குள் சுழன்று இப்படித்தான் ஆகும். பேஸ் வோல்ட்டேஜ் ஹால் ஒயருக்குப் பாய்ந்திருந்தால் கன்ட்ரோலரும் சேர்ந்தே போயிருக்கும். புதிய கன்ட்ரோலரை மாட்டும் முன் ஆக்சில் ஒயரை மாற்றுங்கள்.