சொட்டை விழும் முன்னே முடி மெலிகிறது

குளித்து முடித்ததும் பாத்ரூம் சல்லடையில் சிக்கிய முடியை எண்ணுகிறவர்கள் நிறைய. அந்த எண்ணிக்கையை வைத்துச் சொட்டை வருகிறதா என்று சொல்ல முடியாது. நல்ல தலையிலேயே தினம் 50 முதல் 100 முடி உதிரும். வாரம் ஒரு தடவை தலைக்குக் குளிப்பவருக்கு அது மொத்தமாகச் சேர்ந்து கைநிறைய வரும், அவ்வளவுதான்.

பரம்பரை வழுக்கையில் நடப்பது வேறு. விழுந்த முடி இருந்த இடத்தில் முளைப்பது முன்னதைவிட மெல்லிசாக, குட்டையாக வருகிறது. அடுத்தது இன்னும் மெல்லிசு. கடைசியில் மிஞ்சுவது பூனைமுடி. வீட்டிலேயே பார்க்கலாம்: உச்சந்தலையிலிருந்து சில முடி, பின்மண்டையிலிருந்து சில முடி எடுத்து வெள்ளைத்தாளில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உச்சி முடிகளில் ஒன்று தடி, ஒன்று நூல், ஒன்று இழை என்று கலந்துகட்டி இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

காரணம் ஹார்மோன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டி.எச்.டி. என்ற இன்னும் வலுவான ஹார்மோனாக மாற்றுகிறது. நெற்றியோரத்திலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் பிறவியிலேயே அதற்கு இளகியவை. பின்மண்டையில் இருப்பவை அசைவதில்லை. வளரும் பருவம் 2 முதல் 6 வருடம் நீள வேண்டியது, சுற்றுக்குச் சுற்று குறுகி மாதக்கணக்கில் வந்து நிற்கும். டொமினிகன் குடியரசில் இந்த நொதி பிறவியிலேயே குறைவாக இருந்த ஆண்களுக்கு முன்நெற்றி ஏறவில்லை என்பதை 1970களில் ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள். அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை பிறந்த வழி அதுதான். ஆக, போர்த் தண்ணீரையும் ஹெல்மெட்டையும் திட்டிப் பயனில்லை. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், முறிக்கும், மயிர்க்காலைச் சுருக்காது.

டெங்கு, டைபாய்டு, பிரசவம் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக்கொத்தாகக் கொட்டுவது தனி விஷயம். பெரும்பாலும் தானாகத் திரும்பும். காசு அளவில் வட்டமாக வழுவழுவென்று போனால் புழுவெட்டு. பரம்பரை வழுக்கை பெண்களுக்கு வந்தால் பெரும்பாலும் முன்நெற்றிக் கோடு அப்படியே இருக்க, வகிடு மட்டும் அகலும். அவர்கள் தைராய்டு, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துக் கையிருப்பு) பரிசோதனையை முதலில் முடித்துவிடுவது நல்லது. மாதவிடாயும் தப்பித் தப்பி வந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

தலையில் தடவும் மருந்தான மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி வளர்ந்ததால் தலைக்கு வந்தது. ஆண்களுக்கு 5 சதவீதக் கரைசல், ஒரு தடவைக்கு 1 மி.லி., நாளைக்கு இரண்டு முறை. பெண்களுக்கு 2 சதவீதம் இரண்டு முறை, அல்லது 5 சதவீத நுரை ஒரு முறை. இதில் பலர் செய்யும் தப்பு, மருந்தை முடிக்குப் பூசுவது. தலை காய்ந்திருக்க வேண்டும். சீப்பால் வகிடு பிரித்து, டிராப்பர் நுனியைத் தோலில் வைத்துச் சொட்டு விட்டு, விரலால் பரப்பி, அடுத்த வகிடு. உடனே கை கழுவுங்கள். நாலு மணி நேரம் தலையை நனைக்கக் கூடாது. படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் தலையணை வழியாக முகத்துக்குப் போய் அங்கே முடி வளரலாம். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் எச்சரிக்கை: துளி நக்கினாலும் அதன் உயிருக்கே ஆபத்து. அரிப்பு வந்தால் பெரும்பாலும் கரைசலில் உள்ள புரொப்பிலீன் கிளைக்கால் காரணம்; அது இல்லாத நுரைக்கு மாறலாம்.

இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் முன்பைவிட அதிகமாகக் கொட்டலாம். பாட்டிலைக் குப்பையில் போடுவது இந்தக் கட்டத்தில்தான். ஓய்வில் இருந்த பழைய முடியைப் புது முடி தள்ளிவிடுவதால் வரும் கொட்டல் அது. பலன் தெரிய நாலு மாதம், முடிவு சொல்ல ஒரு வருடம். அதுவரை கண்ணாடியை நம்ப வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே விளக்கடியில், எண்ணெய் இல்லாத காய்ந்த தலையோடு உச்சியைப் படம் எடுத்து ஒப்பிடுங்கள். நிறுத்தினால் கிடைத்தது சில மாதத்தில் போய்விடும்.

ஃபினாஸ்டரைடு 1 மி.கி. தினமும் ஒன்று, ஆண்களுக்கு மட்டும், டாக்டர் சீட்டோடு. டி.எச்.டி. உருவாவதையே குறைப்பதால், இருப்பதைக் காப்பாற்றுவதில் இதுதான் வலுவானது. முதல் ஆண்டுச் சோதனைகளில் பாலுறவு தொடர்பான பக்கவிளைவு சொன்னவர்கள் 3.8 சதவீதம், மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.1 சதவீதம். நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சரியாகும். சிலருக்கு நீடித்ததாகவும் புகார்கள் உண்டு. மனம் சோர்ந்துபோனால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். விலை குறைவு என்று 5 மி.கி. மாத்திரையை வீட்டில் உடைப்பவர்கள், கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அதைச் செய்யாதீர்கள். தூள் தோல் வழியே ஏறினால் வயிற்றில் இருக்கும் ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். புராஸ்டேட்டுக்காக பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தால் இந்த மருந்தைச் சொல்லிவிட வேண்டும்: அளவைப் பாதியாகக் காட்டும்.

பயோட்டின் மாத்திரை, குறைபாடு இல்லாதவருக்குப் பயனில்லை. அதைவிட மோசம், தைராய்டு, மாரடைப்புப் பரிசோதனை முடிவுகளை அது தப்பாகக் காட்ட வைக்கும். வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணித் தைலம் எதுவும் டி.எச்.டி.யிடம் எடுபடாது. எண்ணெய் வைத்தால் முடி பளபளக்கும், அதற்காக வையுங்கள்.

முடி மாற்று நடவில் புது முடி எதுவும் உருவாவதில்லை. பின்மண்டை முடி இடம் மாறுகிறது. போன இடத்திலும் அதன் குணம் மாறாததால்தான் இந்த வித்தை பலிக்கிறது. ஆனால் பின்மண்டைக் கையிருப்புக்கு ஒரு வரம்பு உண்டு. 22 வயதில் நெற்றிக்கோட்டைக் கீழே இறக்கி நட்டுவிட்டால், பத்து வருடத்தில் அதன் பின்னால் இருந்த சொந்த முடி போய், முன்னால் மட்டும் வேலி போட்ட மாதிரி நிற்கும். நிரப்பக் கையிருப்பு இருக்காது. நட்ட முடியும் முதல் மாதத்தில் உதிரும், மூன்று நாலு மாதத்தில் முளைக்கும், முழுத் தோற்றம் வர ஒரு வருடம். பேசப் போகும்போது எத்தனை கிராஃப்ட் (எடுத்து நடும் முடிக்கொத்து) என்று கேட்பதோடு, பின்மண்டையில் மிச்சம் எவ்வளவு இருக்கும், கீறி எடுப்பது டாக்டரா டெக்னீஷியனா என்றும் கேளுங்கள்.