புறங்கைச் சூடு

இன்று காலை குன்னூர் நிலையத்தில் நீராவி எஞ்சின் வந்து நின்றபோது, மூத்த ஃபிட்டர் ஒருவர், சுழலும் அச்சைத் தாங்கும் பேரிங்கின் சூட்டை உள்ளங்கையால் அல்ல, புறங்கையால் பார்க்க வேண்டும் என்று பயிற்சியில் இருந்த இளம்பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் கையை வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்தாள்.

"கொஞ்சம் கூடுதலா இருக்குங்கண்ணா."

1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து இவ்வூர் வரை தொடங்கிய இந்த நீலகிரி மலை ரயில் பாதையில், தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்சட்டத்தைப் பற்சக்கரம் கவ்வித்தான் வண்டி ஏறுகிறது. அந்தப் பற்களின் தேய்மானத்தை அறியும் கை ஒரு தலைமுறையோடு நின்றுவிட்டால், 2005-இல் கிடைத்த உலகப் பாரம்பரியச் சிறப்பு வெறும் பெயர்ப்பலகையாகிவிடும்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு இரண்டு ஆண்டுகள். மதிப்பெண் குறைந்த பிள்ளைகள் ஒதுங்கும் இடமாகவே அதை நம் வீடுகளில் பேசுகிறோம். என் தங்கை மகனிடம் நானும் அப்படிப் பேசியிருக்கிறேன் என்பது இன்று மிகவும் உறுத்தியது.

அவன் இப்போது பத்தாம் வகுப்பு. வரும் ஞாயிறு அவனை அதே நடைமேடைக்கு அழைத்துச் செல்கிறேன்.